அப்பா 98 மட்டும்தான் ஊத்துவார்: 2017 சியன்டாவுக்கு எந்தப் பெட்ரோல்?

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் அப்பா தன் காரை என் கையில் கொடுத்துட்டார். கண் அறுவைச் சிகிச்சைக்கு அப்புறம் ராத்திரியில் எதிர்க்காரோட விளக்கு கண்ணைக் கூசுதுன்னு அவரே முடிவெடுத்தார். கார் டொயோட்டா சியன்டா 1.5, ஹைபிரிட் இல்லை, வெறும் பெட்ரோல். ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டில் (அதிகாரபூர்வ முகவர் இல்லாம வேற இறக்குமதியாளர் மூலமா) வந்தது, 2017ல் பதிவு.

சாவியைக் கொடுக்கும்போது பெட்ரோலோட ஆக்டேன் எண்ணைப் பத்தி அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "98க்குக் கீழே எதையும் ஊத்தாதே. இஞ்சின் போயிடும்."

போன வாரம்தான் முதல் தடவையா நானே எண்ணெய் ஊத்தப் போனேன். அங்கே இருந்த பெரியவர் "95ஆ, 98ஆ"ன்னு கேட்டார். வாய் தானா 98னு சொல்லிடுச்சு. ரசீதைப் பார்த்தா நூறு வெள்ளிக்கு மேல. சிங்கப்பூர்ல எங்க பக்கத்து நிலையத்துல 95க்கும் 98க்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 50 காசு வித்தியாசம். 92க்கும் 95க்கும் சில காசுதான்.

இந்தக் காருக்கு 98 உண்மையிலேயே வேணுமா? இத்தனை வருஷம் 98 குடிச்ச இஞ்சினுக்கு இப்போ திடீர்னு 95 கொடுத்தா ஏதாவது ஆகுமா? 98 இஞ்சினைச் சுத்தம் பண்ணும்னும் அப்பா சொல்றார். அது நிஜமா? பணம் மிச்சமானா நல்லதுதான், ஆனா அப்பா பொத்திப் பொத்தி வெச்சிருந்த காரை நான் கெடுத்துட்டேன்னு பேர் வரக்கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தெம்பனிஸ் தாரா | ஞாயிறு, காலை 10.05

தம்பி, முதல்ல எண்ணெய் மூடிக்கு வெளியே இருக்கிற சின்னக் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு இங்கே போடுங்க. அதைப் பார்க்காம யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

---

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 10.50

பார்த்துட்டு வந்தேன் அக்கா. ஜப்பானிய எழுத்துல ஒரு ஒட்டு இருக்கு. கைத்தொலைபேசியைக் காட்டி மொழிபெயர்த்தேன்: "ஈயமில்லா ரெகுலர் பெட்ரோல்". எண் எதுவும் போடலை. 92, 95னு ஒண்ணும் இல்லாம வெறும் ரெகுலர்னா என்ன அர்த்தம்?

---

பட்டறைக்காரர் | ஞாயிறு, மதியம் 1.20

தம்பி, காக்கி புக்கிட்ல இருபது வருஷத்துக்கு மேல பட்டறையில நிக்கிறேன். உங்க கார் மாதிரி ஜப்பான் கார்கள் வாரத்துக்கு நாலஞ்சு என் கைக்கு வரும்.

ஜப்பானில் ரெண்டே ரகம். ரெகுலர், ஹைஓக்கு. அவங்க தரக்கட்டளைப்படி ரெகுலர்னா குறைஞ்சது 89, ஹைஓக்குன்னா குறைஞ்சது 96. அந்த ஊர் ரெகுலருக்குன்னே செஞ்ச இஞ்சின் உங்களோடது. நம்ம ஊர்ல கிடைக்கிற மிகக் குறைஞ்ச ரகமே 92. அதாவது இங்கே எந்தக் குழாயைப் பிடிச்சாலும் உங்க காருக்கு வேண்டியதைவிட அதிகம்தான் போகுது. 98 ஊத்தினா கெடுதல் இல்லை, காசுதான் வீண்.

நான் உங்களுக்குச் சொல்றது 95. 92 போதும்னு ஒட்டு சொல்லுது, நானும் ஒத்துக்கிறேன். ஆனா கார் எட்டு வருஷத்துக்கு மேல ஓடியாச்சு. பிஸ்டன் தலையில கரி படிஞ்சிருக்கும். கரி படியப் படிய எரியறை இடம் சுருங்கும், அந்தக் கரியே சூட்டையும் பிடிச்சு வெச்சுக்கும். புதுசா இருந்தப்போ 90ல நிம்மதியா ஓடின இஞ்சின், வயசானா ரெண்டு மூணு எண் கூடக் கேக்கலாம். 92க்கும் 95க்கும் நடுவுல சில காசுதானே, அதுக்காக யோசிக்காதீங்க. 98 வேண்டியதில்லை.

திடீர்னு மாத்தினா ஒண்ணும் ஆகாது. டேங்க்ல பாதி 98 இருக்கும்போதே மேல 95 ஊத்தலாம், ரெண்டும் கலந்து நடுவுல ஒரு எண்ணா நிக்கும். பயப்படவே வேண்டாம்.

---

புக்கிட் தீமா 98 | ஞாயிறு, மதியம் 2.10

மரியாதையோட மறுக்கிறேன். சியன்டா 1.5 இஞ்சினோட அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள்ள கலவையை எத்தனை மடங்கு அமுக்குதுங்கிற கணக்கு) 13.5க்கு 1. என் டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கே அவ்வளவு இல்லை, ஆனா என் கார் கதவுல 98னு தெளிவா போட்டிருக்கு. அழுத்தம் ஏறினா ஆக்டேன் ஏறணும். பள்ளிக்கூடத்துலயே படிச்ச விஷயம். 13.5 வெச்சுக்கிட்டு 92 போதும்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை. கார் விலையே லட்சம் வெள்ளியைத் தாண்டுற ஊர்ல, லிட்டருக்கு 50 காசைப் பார்த்து இஞ்சினைப் பணயம் வைக்கணுமா?

---

ஜூரோங் தீவு | ஞாயிறு, இரவு 8.35

13.5 என்பது சரியான தகவல். ஆனால் அது கதையில் பாதிதான். நான் பல வருடம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில், ஆக்டேன் அளக்கும் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். 1920களின் இறுதியில் உருவான வடிவமைப்பு, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. அதன் விசேஷம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழுமாக நகர்த்தி அழுத்த விகிதத்தை 4லிருந்து 18 வரை மாற்றலாம். நாம் அளக்க வேண்டிய பெட்ரோலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டுவோம். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பெட்ரோல் கலவை தன்னால் வெடித்து இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். கருவியின் முள் ஏறும். ஆனால் பழகிய காதுக்கு முள் ஏறும் முன்பே தெரிந்துவிடும், இரும்புத் தகட்டில் கூழாங்கல்லை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பக்கத்துக் கிண்ணங்களில் ஐசோ ஆக்டேனும் ஹெப்டேனும் தெரிந்த விகிதத்தில் கலந்து வைத்திருப்போம். எந்தக் கலவை அதே அளவுக்குத் தட்டுகிறதோ, அதிலுள்ள ஐசோ ஆக்டேன் விழுக்காடுதான் நம் பெட்ரோலின் எண். சுத்த ஐசோ ஆக்டேன் 100, சுத்த ஹெப்டேன் 0. பம்ப்பில் 95 என்று எழுதியிருப்பதன் பொருள் இவ்வளவுதான்: இந்தப் பெட்ரோல் 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை அளவுக்குத் தட்டாமல் தாங்கும்.

இதில் சக்தி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் 95ல் இருக்கும் வெப்பமும் ஒரு லிட்டர் 98ல் இருக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எண் சொல்வது பொறுமையை. பொறி பற்றும் முன், அல்லது பொறி பற்றி நெருப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும் முன், மிச்சமிருக்கும் கலவை தன்னால் வெடிக்காமல் எவ்வளவு தாங்குகிறது என்பதை.

இப்போது 13.5க்கு வருகிறேன். சியன்டாவில் இருப்பது அட்கின்சன் சுழற்சி முறையில் ஓடும் இஞ்சின். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் உள்ளிழுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் காகிதத்தில் 13.5 என்று இருந்தாலும் உண்மையில் அமுக்கப்படும் காற்று அதைவிடக் குறைவு. 13.5 முழுமையாகப் பயன்படுவது விரியும்போது. சிக்கனம் அங்கிருந்துதான் வருகிறது. கூடவே எரியறையைக் குளிர்விக்கும் ஏற்பாடுகளும் உண்டு. ஆகவே அழுத்த விகிதத்தை மட்டும் பார்த்து ஆக்டேன் முடிவு செய்யும் வழக்கம் இந்தத் தலைமுறை இஞ்சின்களுக்குப் பொருந்தாது. மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ் இஞ்சின் ஒன்று ஐரோப்பாவில் 14க்கு 1 அழுத்தத்தில் 95ல் ஓடுகிறது. அமெரிக்காவின் சாதாரணப் பெட்ரோலுக்காக அதையே 13ஆகக் குறைத்து விற்றார்கள். பெட்ரோலுக்கு ஏற்ப இஞ்சினைத் தீர்மானிப்பவர் அதைச் செய்தவர். அவர் எழுதி ஒட்டியிருப்பதை நாம் நம்பலாம்.

இன்னொன்று. நம் ஊர் வெக்கை தட்டலைத் தூண்டும், உண்மை. ஆனால் நம் காற்றில் உள்ள ஈரம் அதைத் தணிக்கும். ஈரக்காற்றில் எரிதல் கொஞ்சம் நிதானப்படும். வறண்ட பாலைவன ஊரைவிட இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் சலுகைதான்.

---

புக்கிட் தீமா 98 | ஞாயிறு, இரவு 9.15

வால்வு தாமதமா மூடுற விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. நன்றி. அப்போ சியன்டாவைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். என் காருக்கு?

---

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 10.00

உங்க காருக்கு 98தான். கதவுல 98னு போட்டிருந்தா அதுல பேரமே கிடையாது. டர்போ வெச்சு காத்தைத் திணிக்கிற இஞ்சின், அதுக்குன்னே பொறியை முன்கூட்டிப் பத்த வெச்சு சக்தியை எடுக்கிறாங்க. அங்கே 95 ஊத்தினா சென்சார் பொறியைப் பின்னால தள்ளும், வண்டி சோம்பலாகும், எண்ணெயும் கூடக் குடிக்கும்.

சில கார்ல "95 போதும், 98 நல்லது"ன்னு ரெண்டும் எழுதியிருக்கும். அதுதான் நிஜமாவே யோசிக்க வேண்டிய ரகம். அமெரிக்காவுல ஏஏஏன்னு கார்க்காரங்க சங்கம் இருக்கு. 2016ல சோதிச்சப்போ, சாதா பெட்ரோல் போதும்னு எழுதியிருக்கிற கார்ல உயர்ந்த ரகம் ஊத்தி எந்தப் பலனும் இல்லைன்னாங்க. 2017ல, உயர்ந்த ரகம் "நல்லது"ன்னு பரிந்துரைக்கிற கார்களை எடுத்துச் சோதிச்சாங்க. சராசரியா மைலேஜ் 2.7 விழுக்காடு, சக்தி 1.4 விழுக்காடு கூடுச்சு. நம்ம ஊர்ல 95லேர்ந்து 98க்கு விலை எத்தனை விழுக்காடு ஏறுதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. என் கணக்குல பதினைஞ்சுக்கு மேல. ஓட்டுறதுல சந்தோஷம் வேணும்னு 98 ஊத்தினா நான் தடுக்க மாட்டேன். மிச்சம் பிடிக்கலாம்னு 98 ஊத்தினா நடக்காது.

---

இரவு ஓட்டுநர் | திங்கள், அதிகாலை 3.30

தனியார் வாடகைக் கார் ஓட்டுறேன். சாங்கி விமான நிலையத்துல வரிசையில நிக்கிறேன், அதான் இந்த நேரத்துல எழுதுறேன்.

ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் ஓடும் நம்ம வண்டி. கொரோலா. கையேட்டுல 91 போதும்னு போட்டிருக்கு. அஞ்சு வருஷமா 95தான், ஒரு தடவைகூட 98 தொட்டதில்லை. இஞ்சினைப் பிரிச்ச நாளே கிடையாது. நம்ம தொழில்ல லிட்டருக்கு 50 காசுன்னா ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது வெள்ளி. மாசத்துக்கு ரெண்டு பிள்ளைங்க டியூஷன்ல ஒருத்தர் பீஸு அதுல போயிடும்.

ஈசூன் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். எண்ணெய் எந்த ரகம்ங்கிறதைவிட இஞ்சின் ஆயிலை ஒழுங்கா மாத்துறது, டயர்ல காத்து சரியா வெச்சிருக்கிறது, இதுல காட்டுற அக்கறை பத்து மடங்கு திருப்பித் தரும். எங்க ஆளுங்கள்ல சிலர் 98 ஊத்துவாங்க, ஆனா ஆயில் மாத்த வேண்டிய கிலோமீட்டர் தாண்டி மூவாயிரம் ஓடியிருக்கும். மனசு கேக்காது எனக்கு, பார்த்தா சொல்லிடுவேன்.

பயணி வந்தாச்சு. வர்றேன்.

---

தெம்பனிஸ் தாரா | திங்கள், காலை 8.10

எல்லாரும் 98 வேண்டாம்னு சொல்ற வேகத்துல யாராவது எல்லா வண்டிக்கும் 92 போதும்னு நினைச்சுடக்கூடாது. அதனால எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

என்னோடது ஐரோப்பிய வண்டி, 1.4 டர்போ. கதவுல "குறைந்தபட்சம் 95"னு இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அவசரத்துல, எல்லாம் ஒண்ணுதானேன்னு 92 நிரப்பிட்டேன். நாலு நாள் ஒண்ணும் தெரியலை. சனிக்கிழமை மத்தியானம் ஊர்லேர்ந்து வந்திருந்த அத்தை மாமா, பிள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு மவுண்ட் ஃபேபர் ஏறினேன். அஞ்சு பேர், ஏர்கான் முழுசா, வெளியே கொளுத்துது. வளைவுல வேகம் குறைஞ்சதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன் பாருங்க, முன்னாடியிருந்து ஒரு சத்தம். டப்பாவுல நாணயத்தைப் போட்டுக் குலுக்கினா எப்படி இருக்கும், அப்படி. காலை எடுத்தா நின்னுடும், அழுத்தினா திரும்ப வரும். வண்டி இழுக்கவும் மாட்டேங்குது. மாமா "என்னம்மா உடைஞ்சுபோச்சா"ன்னு கேட்டுட்டார்.

மெல்ல ஏறி இறங்கி, கிடைச்ச முதல் நிலையத்துல நின்னு மீதி இடத்துக்கு 98 ஊத்தினேன். அடுத்த ரெண்டு டேங்க் 95. சத்தம் அதோட சரி. பட்டறையில பிளக்கைக் கழற்றிப் பார்த்து, சேதம் இல்லைன்னு சொன்னாங்க. லிட்டருக்கு நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் அன்னைக்கு உயிரே போயிடுச்சு எனக்கு.

---

பட்டறைக்காரர் | திங்கள், மதியம் 12.45

தாரா சொன்னது ரொம்ப முக்கியம். இதை யாரும் அவசரமாத் தாண்டிப் போயிடாதீங்க.

"இப்பத்து இஞ்சின்லதான் நாக் சென்சார் இருக்கே, அது பார்த்துக்கும்"னு சொல்றவங்க நிறைய. சென்சார்னா இஞ்சின் உடம்புல திருகி வெச்சிருக்கிற ஒரு காது. தட்டுற அதிர்வு கேட்டதும் கணினிக்குச் சொல்லும், கணினி பொறியைத் தாமதப்படுத்தும். ஆனா தட்டினதுக்கு அப்புறம்தான் அதுக்குத் தெரியும், தட்டுறதுக்கு முன்னாடி தெரியாது. எவ்வளவு தள்ளலாம்ங்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஏற்றம், பாரம், வெக்கை மூணும் சேர்ந்தா அந்த எல்லை முட்டிடும். மவுண்ட் ஃபேபர்ல நடந்தது அதுதான்.

பிளக் எதுக்குக் கழற்றுறோம்னு சொல்லிடறேன். நல்லா எரியற இஞ்சினோட பிளக் நுனியில இருக்கிற வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பா, பிஸ்கட் நிறத்துல இருக்கும். தட்டி அடிவாங்கின இஞ்சின்ல அதே பீங்கான்மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. விளக்குக்குக் கீழே வெச்சு மெல்லத் திருப்பினா, நடுவுல பொடிப்பொடியா மின்னும். அது என்ன தெரியுமா? பிஸ்டன்லேர்ந்து பிச்சுக்கிட்டு வந்த அலுமினியம். அதைப் பார்த்தா என் வயிறு கலங்கும், ஏன்னா அடுத்து பிரிக்கும்போது என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்.

அப்படி ஒரு தடவை பிரிச்சேன். பழைய சொந்தக்காரர் கணினியில வேற நிரல் ஏத்தி 98க்குன்னே டியூன் பண்ணியிருந்தார். விக்கும்போது சொல்லலை. வாங்கின பையன் கதவுல 95னு பார்த்து 95 ஊத்திக்கிட்டே வந்தான். பிஸ்டன்ல ரிங் உக்கார்ற வரம்பு ஒரு பக்கம் பிஸ்கட் மாதிரி உடைஞ்சு கையில வந்துச்சு. பாவம் அந்தப் பையன், கேட்டுப் படிச்சு, ஒட்டைப் பார்த்து, எல்லாம் சரியாத்தான் செஞ்சான். டர்போ வண்டி பழசு வாங்குறவங்க, டியூன் பண்ணியிருக்கான்னு கேளுங்க. எழுத்துல வாங்குங்க.

நேரடியா எரியறைக்குள்ளயே பெட்ரோல் பீச்சுற டர்போ வண்டிகளுக்கு இன்னொண்ணு. குறைஞ்ச சுற்றுல, கியர் உயரத்துல இருக்கும்போது திடீர்னு அழுத்தினா, பொறிக்கு முன்னாடியே பத்திக்கிற நோய் ஒண்ணு உண்டு. இஞ்சின் ஆயில் துளி கலவையோட கலந்து பத்துறது அது. அதுக்கு ஆக்டேன் மட்டும் மருந்து இல்லை. ஆயில் டப்பாவுல ஏபிஐ எஸ்பி (API SP) தரம் போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. 2020ல வந்த தரம், இந்த நோயையும் மனசுல வெச்சுச் செஞ்சது.

---

ஈசூன்காரன் | திங்கள், இரவு 9.00

ரொம்ப நன்றி அண்ணே, ஐயா, அக்கா. என் கார் யாரும் கை வெக்காத கார், அப்பா புதுசா வாங்கினது. 95க்கு மாறலாம்னு முடிவெடுத்துட்டேன். ஆனா அப்பாவோட "சுத்தம் பண்ணும்" வாதம் பாக்கி இருக்கு. நேத்தும் அதையேதான் சொன்னார்.

---

ஜூரோங் தீவு | திங்கள், இரவு 9.50

அப்பா சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கரியைக் கழுவுவது ஆக்டேன் அல்ல, அதோடு சேர்க்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள். அது தனியாகச் சேர்க்கப்படுவது. நல்ல நிறுவனங்கள் எல்லா ரகத்திலும் ஓரளவு சேர்க்கின்றன; விலை கூடிய ரகத்தில் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். எனவே 98ல் சோப்பு அதிகம் இருக்கலாம், ஆனால் 98 என்ற எண்ணால் அல்ல.

உங்கள் சியன்டாவில் பெட்ரோல் வால்வுக்கு வெளியே பீச்சப்படுகிறது. போகிற வழியில் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே போகும். 95ல் உள்ள சோப்பே அதற்குப் போதும். நேரடியாக எரியறைக்குள் பீச்சும் இஞ்சின்களில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடவே தொடாது. அங்கே எந்த விலை கொடுத்தாலும் வால்வில் படிந்த கரியைப் பெட்ரோல் கழுவாது.

---

பிடோக் பைக் | செவ்வாய், காலை 7.20

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். நான் தினமும் ஜொகூர் போய் வர்றவன். ஜொகூரில் ரான் 95 (ரான்ங்கிறது நாம பேசுற இதே ஆக்டேன் எண்தான்) விலையைப் பார்த்தா நம்ம ஊர்ல ஊத்தவே மனசு வரலை. சியன்டாவுக்கு 95 போதும்னா, வாரக் கடைசியில அங்கேயே 95 நிரப்பிடலாமே?

---

தெம்பனிஸ் தாரா | செவ்வாய், காலை 7.55

தயவுசெஞ்சு வேண்டாம். வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு ரான் 95 விக்கக்கூடாதுன்னு 2010லேர்ந்து மலேசியாவில் சட்டம். அது அவங்க மக்களோட வரிப்பணத்துல மானியம் கொடுத்து விக்கிற எண்ணெய். பம்ப்புல ரான் 95க்கான மஞ்சள் கைப்பிடியைத் தொடாதீங்க. நமக்கு அங்கே 97தான், அதைத் தாராளமா ஊத்தலாம், 95 கேக்கிற வண்டிக்கு அது தாராளம்.

நம்ம பக்கத்துச் சட்டமும் மறக்காதீங்க. உட்லண்ட்ஸ், துவாஸ் எந்தச் சோதனைச் சாவடி வழியா போனாலும் சிங்கப்பூர்க் கார்ல முக்கால் டேங்க் இருக்கணும். 1989ல அரை டேங்க்னு ஆரம்பிச்சது, 1991ல முக்காலாச்சு. முள் கொஞ்சம் கீழே இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்க, அபராதமும் உண்டு.

---

இரவு ஓட்டுநர் | செவ்வாய், பகல் 11.30

95க்கும் 98க்கும் நடுவுல இருக்கிற 50 காசும் வரின்னு எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க. நிஜமா?

---

ஜூரோங் தீவு | செவ்வாய், மாலை 6.40

இல்லை. 2021 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் தீர்வை உயர்ந்தது. 98க்கு லிட்டருக்கு 64 காசிலிருந்து 79 காசு. 92க்கும் 95க்கும் 56லிருந்து 66 காசு. இரண்டுக்கும் வித்தியாசம் 13 காசு. அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தால் 14 காசு சொச்சம். 50 காசில் மிச்சமுள்ள 36 காசு வரி அல்ல. 98 செய்ய ஆலையில் விலை கூடிய கலவைப் பொருட்கள் வேண்டும், அது உண்மை. ஆனால் 36 காசும் அந்தச் செலவுதான் என்று ஆலைக்குள் இருந்த நான் சொல்ல மாட்டேன்.

92க்கும் 95க்கும் தீர்வை ஒன்றே என்பதால்தான் அவை இரண்டும் விலையில் ஒட்டி நிற்கின்றன.

---

அலெக்சாண்ட்ரா | செவ்வாய், இரவு 8.15

அமெரிக்காவில் படிச்சிட்டு வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பம்ப்பில் 87, 91, 93னு இருக்கும். அது ரான் இல்லை. ரெண்டு விதமா அளந்து சராசரி போட்ட எண். அங்கத்திய 87 நம்ம கணக்குல 91, 92. அங்கத்திய 91 நம்ம 95க்குப் பக்கம். அமெரிக்க வீடியோ பார்த்துட்டு "93 ஊத்தணும்னு சொன்னாங்க, அதனால 92 போதும்"னு முடிவெடுத்த நண்பர் ஒருத்தருக்கு நேத்துதான் விளக்கினேன். அந்த 93 இங்கே 98.

---

ஈசூன்காரன் | ஆறு வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.30

கேட்டுட்டுப் போனவன் திரும்பி வந்து சொல்லணும் இல்லையா, அதான் எழுதுறேன்.

அப்பா கைப்பட எழுதி வெச்ச நோட்டு முன்பெட்டியில் இருந்துச்சு. தேதி, லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் வரிசையா. அவர் கடைசியா ஊத்தின மூணு டேங்க் 98க்கு லிட்டருக்கு 14.1, 13.9, 14.3 கிலோமீட்டர். நான் அதே நோட்டுல அடுத்த வரியிலிருந்து எழுத ஆரம்பிச்சேன். 95ல் மூணு டேங்க்: 14.2, 13.8, 14.2. 13.8 வந்த வாரம் பிஐஈ விரைவுச்சாலையில ரெண்டு நாள் நெரிசல்ல மாட்டினேன். எனக்கு வருஷத்துக்கு 14,000 கிலோமீட்டர் ஓடும். ஆயிரம் லிட்டர், 500 வெள்ளி.

ஆனா நான் எழுத வந்தது எண்ணைப் பத்தி மட்டும் இல்லை. நோட்டை அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் விரலை வெச்சு வரி வரியாப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார். எண்பதுகள்ல அவர் வாங்கின முதல் கார் ஒரு பழைய நிசான் சன்னி. கார்புரேட்டர் வண்டி. மலிவு எண்ணெய் ஊத்தினா ஏற்றத்துல கடகடன்னு தட்டுமாம். அம்மா என்னைச் சுமந்துக்கிட்டு இருந்த நேரம், ராத்திரி மருத்துவமனைக்குப் போகும்போது பாதி வழியில தட்டித் தட்டி நின்னேபோச்சாம். டாக்சி பிடிச்சுப் போயிருக்காங்க. அன்னையிலேர்ந்து அவர் எண்ணெயில மட்டும் காசு பார்த்ததே இல்லை.

அந்தக் கார்ல சென்சார் இல்லை, கணினி இல்லை. அவர் கேட்ட சத்தம் நிஜம். அவர் கத்துக்கிட்டதும் சரிதான். அதுக்கப்புறம் 1998ல ஈயம் கலந்த பெட்ரோலே நம்ம ஊர்ல நின்னுபோச்சு, இஞ்சின் மாறிப்போச்சு, அவர் மட்டும் அந்த ராத்திரியை மறக்கலை. இத்தனை வருஷம் "98க்குக் கீழே ஊத்தாதே"ன்னு அவர் சொன்னதுக்குள்ள இது இருந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்லை.

சண்டை போடாம, "வாங்கப்பா, நீங்களே கேட்டுப் பாருங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். எங்க புளோக் பக்கத்துல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடிக் கார்நிறுத்தம், ஆறு மாடி. அம்மா, தங்கச்சி, அவ ரெண்டு பிள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டேன். அப்பா முன்சீட்டுல. ரேடியோவை அவரே அணைச்சார், கண்ணாடியை இறக்கினார், பிள்ளைங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். ஒவ்வொரு மாடி வளைவுலயும் நான் அழுத்தி ஏத்தினேன். அவர் தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே வந்தார். மேல்மாடி வரைக்கும் ஒரு தட்டல் இல்லை.

மேலே நிறுத்தினதும், "ம்"னார். அவ்வளவுதான். திரும்பி இறங்கும்போது நாலாவது மாடியில கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வலப்பக்கம் முன் பிரேக்குல கீச்சுன்னு வருது, கேக்கலையா உனக்கு?"

எனக்குக் கேக்கலை. அவர் சொன்னப்புறம் திரும்ப ஒரு மாடி இறங்கினேன், கேட்டுச்சு.

---

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 10.10

பேட் தேய்ஞ்சு எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பிச்சிருக்கும். தள்ளிப்போடாதீங்க தம்பி, சனிக்கிழமை காலையில கொண்டு வாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.